கசுயோஷி மியூராவின் ஆட்டவாழ்வு – ஒரு மதிப்பீடு

விளையாட்டு வீரர்களைப் பற்றி எழுதப்படுபவற்றிற் பெரும்பாலானவை பாராட்டுரைகளாகவே அமைந்துவிடுகின்றன. வென்ற கிண்ணங்களையும் அடித்த கோல்களையும் ஆடிய ஆண்டுகளையும் நிரற்படுத்தி, இறுதியில் விடாமுயற்சியின் சிறப்பைக் கூறி முடிப்பதே இவ்வகை எழுத்தின் மரபு. இம்மரபில் வீரன் காலத்தையும் சமூகத்தையும் கடந்தவனாக நிற்பான். அவன் யாருக்காக ஆடினான், அவனது உழைப்பை வாங்கியோர் யாவர், எவ்வேளையில் அவனைக் கைவிட்டனர் என்னும் வினாக்கள் எழுவதில்லை. யப்பானிய உதைபந்தாட்ட முன்கள வீரர் கசுயோஷி மியூராவைப் பற்றி உலகெங்கும் எழுதப்பட்டவை இதற்குத் தக்க எடுத்துக்காட்டுகளாகும்.

1967 பெப்ரவரி 26ஆந் திகதி ஷிசுவோக்கா நகரிற் பிறந்த மியூரா, 1986இல் பிரேசிலின் சாந்தோஸ் கழகத்தோடு தம் முதலாவது தொழின்முறை ஒப்பந்தத்தைச் செய்துகொண்டார். 2017 மார்ச் 12ஆந் திகதி, தமது வயது 50 ஆண்டும் 14 நாளுமாக இருக்கையில், யப்பானின் இரண்டாம் பிரிவு லீக் ஆட்டமொன்றிற் கோலடித்தார். 1965இல் 50 வயது கடந்து ஆடிய ஆங்கிலேய வீரர் ஸ்ரான்லி மத்தியூசின் பெயரோடு அவர் பெயரும் அன்று சேர்த்துப் பேசப்பட்டது. யப்பானுக்கு வெளியே மியூராவை அறிந்தோரிற் பலர் அவரை அந்த ஒரு கோலினாலேயே அறிவர். யப்பானிலோ 'கசு மன்னர்' என்ற பட்டம் அவருக்குப் பல்லாண்டுகளாக வழங்கிவருகிறது. ஒன்று முதுமையின் அதிசயம்; மற்றது முடிசூட்டப்பட்ட வீரம். இவ்விரண்டு படிமங்களுக்கும் இடையில் மறைந்துபோனவர் மியூரா என்னும் தொழிலாளி. அவரை மீட்டெடுத்து நோக்கினாலன்றி இவ்வாட்டவாழ்வின் பெறுமதியைச் சரிவர அளத்தல் இயலாது.

1. கம்பனியும் களமும்

மியூராவின் வருகைக்கு முன்னிருந்த நிலையை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். யப்பானிய உதைபந்தாட்ட லீக் 1965இல் எட்டு அணிகளுடன் தொடங்கப்பட்டது. அவ்வணிகள் ஊர்களின் பெயரால் அமைந்தனவல்ல. கம்பனிகளின் பெயரால் அமைந்தவை. பூருக்காவா மின்கம்பனி, ஹிற்றாச்சி, மிற்சுபிஷி கனரகக் கைத்தொழில், யன்மார் டீசல், தோயோ கோக்யோ ஆகியன அவற்றுட் சில. ஆட்டக்காரர் கம்பனியின் ஊழியர். ஆட்டத்துக்கெனத் தனி ஊதியம் பெறாதவர். விளையாட்டு ஊழியர் ஒற்றுமையையும் கம்பனியின் நற்பெயரையும் வளர்க்கும் ஒரு துணைக் கருவியாகவே கருதப்பட்டது.

இவ்வமைப்பு திறமையைத் தோற்றுவிக்கவில்லை என்று கூறுதல் தவறாகும். 1960இல் வருகைதந்த ஜேர்மானியப் பயிற்றுநர் டெட்மார் கிராமர் இட்ட அடித்தளத்தின்மீது, 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் யப்பான் வெண்கலப் பதக்கம் பெற்றது. அப்போட்டியில் 7 கோல்களை அடித்து முதலிடம் பெற்றவர் யன்மார் ஊழியரான குனிஷிகே கமமோட்டோ. பதக்கத்துக்கான இறுதி ஆட்டத்தில் மெக்சிக்கோவுக்கு எதிராக அடிக்கப்பட்ட இரு கோல்களும் அவருடையவையே. லீக் ஆட்டங்களில் அவர் அடித்தவை 202. தேசிய அணிக்காக அவர் அடித்த கோல்களை யப்பானிய உதைபந்தாட்டச் சங்கம் 75 எனக் கணக்கிடுகிறது. 2025இல் அவர் மறைந்த வேளையிலும் இவ்வெண்ணை எட்டிய யப்பானியர் வேறொருவர் இருக்கவில்லை. கோலடித்தல் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், மியூராவின் 89 ஆட்டங்களும் 55 கோல்களும் கமமோட்டோவுக்குப் பின்னரே வைக்கப்படும்.

ஆயின் இருவருக்குமிடையிலான வேறுபாடு எண்களில் இல்லை. கமமோட்டோ தம் ஆட்டவாழ்வு முழுவதையும் ஒரே கம்பனியின் அணியிற் கழித்தவர். 1977இல் ஜேர்மனியின் கொலோன் கழகத்துக்குச் சென்ற யசுஹிகோ ஒக்குடெராவே அவ்வேலியைத் தாண்டிய முன்னோடி. அவர் தாயகம் திரும்பிய 1986ஆம் ஆண்டிலேதான் சிறப்பு அனுமதியின் பேரிற் சிலர் தொழின்முறையாக ஆடும் உரிமையைப் பெற்றனர். அதே ஆண்டில், பூமியின் மறுபுறத்தில், அத்தகைய அனுமதியெதற்கும் காத்திராத பத்தொன்பது வயது இளைஞனொருவன் தொழின்முறை ஆட்டக்காரனாகிவிட்டான் என்பது நோக்கற்பாலது.

2. பிரேசில் தந்தது

மியூரா 1982இல், உயர்தரப் பாடசாலைக் கல்வியை இடைநிறுத்தி, பதினைந்து வயதிற் பிரேசில் சென்றார். சாவோ பாவ்லோ நகரின் ஜுவென்ருஸ் கழகத்தின் இளையோர் அணியில் அவரது பயிற்சி தொடங்கியது. இதனைத் துணிவின் கதையாகக் கூறுவோர் அது நிகழ்ந்த சூழலைக் கூறுவதில்லை. 1908இல் முதலாவது யப்பானியக் குடியேற்றக் கப்பல் சாந்தோஸ் துறைமுகத்தை அடைந்தது முதல், பிரேசிலில் யப்பானிய வழியினர் பெருந்தொகையினராக வாழ்ந்துவருகின்றனர். அவர்கள் வேளாண்மையிலும் வணிகத்திலும் மதிப்புப் பெற்றனர். ஆனால் உதைபந்தாட்டம் அவர்களுக்குரிய கலையென்று பிரேசிலியர் கருதவில்லை. எனவே அவ்விளைஞன் தன் திறமையை நிறுவுவதற்கு முன், தன் இனத்தைப் பற்றிய முற்கோளைத் தகர்க்க வேண்டியிருந்தது.

சாந்தோசிற் கிடைத்த ஒப்பந்தம் உடனடிப் புகழைத் தரவில்லை. பரானா மாநிலத்தில் யப்பானிய வழியினர் குடும்பமொன்று நிறுவிய மற்சுபாரா, வடகிழக்கிலுள்ள அலகோவாஸ் மாநிலத்தின் சீ.ஆர்.பீ., சாவோ பாவ்லோ உட்பிரதேசத்தின் ஜவு நகர்க் கழகம், பின்னர் கொரித்தீபா எனச் சிறியனவும் நடுத்தரமானவையுமான கழகங்களிற் சில ஆண்டுகள் கழிந்தன. ஜவு நகர் அணிக்காக 1988இற் கொரிந்தியன்ஸ் அணிக்கு எதிராக அவர் அடித்த கோல் முதன்முதலாகப் பரவலான கவனத்தை ஈர்த்தது. 1990இல் அவர் மீண்டும் சாந்தோஸ் அணியில் இடம்பெற்றார்.

இவ்வெட்டாண்டுகள் அவருக்கு அளித்தவை இரண்டு. முதலாவது, ஆட்ட நுட்பம். அக்காலத்தில் அவர் இடதுபுற ஓரத்தில் ஆடியவர். பந்தின் மேலாகக் கால்களை மாறி மாறி வீசி எதிராளியின் எடையை ஒருபுறம் சாயச்செய்து மறுபுறம் நழுவும் வித்தை அங்கே பயின்றது. கோலடித்தபின் கால்களைத் துரிதமாக அசைத்து அவர் ஆடும் ஆட்டமும் சம்பாவின் சாயல் கொண்டதே. இரண்டாவது, முதலாவதிலும் முக்கியமானது: ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொள்ளும் மனப்பாங்கு. கம்பனி ஊழியருக்கு ஆடாத நாளிலும் சம்பளம் உண்டு. சிறு கழகமொன்றில் ஒப்பந்தத்துக்கு ஆடுபவனுக்கு ஆடாத நாளில் எதுவுமில்லை. மியூரா யப்பானுக்குக் கொண்டுவந்த பொருள் இந்த அறிவேயாகும்.

3. தொழின்முறையின் முகம்

1990இல் தாயகம் திரும்பிய மியூரா யொமியூரி கழகத்திற் சேர்ந்தார். யொமியூரி பத்திரிகை நிறுவனத்தின் ஆதரவிலிருந்த அக்கழகம், பிரேசிலியர் பலரைக் கொண்டிருந்தது. ஏனைய கம்பனி அணிகளினின்றும் அது வேறுபட்ட இயல்பினது. 1992இல் ஹிரோஷிமாவில் நடைபெற்ற ஆசியக் கிண்ணப் போட்டியில், ஒல்லாந்துப் பயிற்றுநர் ஹான்ஸ் ஒவ்ற்றின் வழிநடத்தலில் யப்பான் முதன்முறையாக வென்றது. ஈரானுக்கு எதிரான ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தில் வெற்றிக் கோலை அடித்த மியூரா அப்போட்டியின் சிறந்த வீரராகத் தெரிவானார்.

1993 மே 15ஆந் திகதி ஜே லீக் தொடங்கிற்று. முதலாட்டத்தைக் காண ரோக்கியோ தேசிய விளையாட்டரங்கில் ஏறத்தாழ 60,000 பேர் கூடினர். கம்பனிப் பெயர்களை நீக்கி, கழகங்களை ஊர்களோடு பிணைப்பதே புதிய லீக்கின் கொள்கை. 1964 ஒலிம்பிக்கில் ஆர்ஜென்டீனாவுக்கு எதிராகக் கோலடித்தவரான சபுரோ கவபுச்சி அதன் தலைவராயிருந்து இக்கொள்கையை வற்புறுத்தினார். யொமியூரி கழகம் வேர்டி கவசாக்கி ஆயிற்று. முதலாண்டிலே வேர்டி வெற்றிவாகை சூட, லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது மியூராவுக்குக் கிடைத்தது.

'மன்னர்' பட்டம் இக்காலத்தது. புதிய லீக்குக்கு ஒரு முகம் தேவைப்பட்டது; விளம்பரதாரருக்கும் தொலைக்காட்சிக்கும் அத்தேவை இன்னும் அதிகம். வண்ண உடைகளும் களத்து நடனமும் கொண்ட மியூரா அதற்கு ஏற்றவராயிருந்தார். இதனைக் கொண்டு அவர் விளம்பரத்தின் படைப்பே என்று முடிவுகட்டுவோர் உளர். அம்முடிபு ஏற்புடையதன்று. 1993 ஒக்ரோபரிற் கட்டாரின் டோஹா நகரில் நடைபெற்ற உலகக் கிண்ணத் தெரிவுப் போட்டியில், தென் கொரியாவுக்கு எதிரான ஆட்டத்தின் ஒரே கோல் அவருடையது. ஒக்ரோபர் 28ஆந் திகதி ஈராக்குக்கு எதிரான இறுதி ஆட்டத்திலும் முதற் கோலை அவரே அடித்தார். 2–1 என முன்னணியிலிருந்த யப்பான் மேலதிக நேரத்தில் ஒரு கோலை விட்டுக்கொடுக்க, 1994 உலகக் கிண்ண வாய்ப்புக் கைநழுவியது. டோஹாவின் துயரம் எனப்படும் அந்நாளின் தோல்விக்கு முன்கள வீரர் பொறுப்பாளியல்லர்.

விளம்பரத்துக்கும் திறமைக்குமிடையிலான இழுபறி 1994–95இல் இத்தாலியில் வெளிப்படையாயிற்று. ஜெனோவா கழகத்திற் சேர்ந்ததன் மூலம் இத்தாலிய முதற்பிரிவில் ஆடிய முதலாவது யப்பானியர் என்ற பெயரை மியூரா பெற்றார். அவ்வாண்டில் அவ்வணியின் மேலாடையிற் காணப்பட்டது கென்வூட் என்னும் யப்பானியக் கம்பனியின் பெயர். வாங்கப்பட்டது வீரனா, சந்தையா என்ற ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. முதலாட்டத்திலேயே ஏ.சி. மிலான் வீரர் பரேசியுடன் மோதிக் காயமடைந்தார்; 21 லீக் ஆட்டங்களில் அவர் அடித்தது ஒரே கோல், அதுவும் அதே நகரின் எதிரணியான சம்ப்டோரியாவுக்கு எதிராக. இத்தாலிய ஆண்டு தோல்வியாண்டே. அதனை மறைக்கத் தேவையில்லை. ஆனால் திரும்பிவந்து 1996இல் 23 கோல்களுடன் ஜே லீக்கின் முதன்மைக் கோலடிப்பாளரானார் என்பதையும் சேர்த்தே கூறுதல் முறை.

4. 1998: இரு கைவிடல்கள்

1997 செப்ரெம்பரில் உலகக் கிண்ண இறுதித் தெரிவுச் சுற்று தொடங்கியபோது, உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக மியூரா நான்கு கோல்களை அடித்தார். அச்சுற்றில் அதன்பின் அவர் கோலடிக்கவில்லை. நவம்பர் 16ஆந் திகதி மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஈரானை வென்று யப்பான் முதன்முறையாக உலகக் கிண்ணத் தகுதி பெற்றபோது, அவர் இடையிலே களத்தினின்றும் மாற்றப்பட்டிருந்தார். 1998 ஜூன் 2ஆந் திகதி, சுவிற்சர்லாந்தின் நியோன் நகரிற் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த 25 பேரில் மூவர் விலக்கப்பட்டதாகப் பயிற்றுநர் தக்கேஷி ஒக்கடா அறிவித்தார். அம்மூவருள் மியூராவும் ஒருவர். அவர் எந்த உலகக் கிண்ணப் போட்டியிலும் ஆடவில்லை.

இம்முடிவு யப்பானில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. ஆட்ட நோக்கில் ஒக்கடாவின் முடிவு காரணமற்றதன்று. அவ்வேளை மியூராவின் வேகம் குறைந்திருந்தது, கோல்களும் அருகியிருந்தன. பிரான்சில் ஆர்ஜென்டீனா, குரோசியா, ஜமெய்க்கா ஆகிய மூன்றணிகளிடமும் தோற்று, ஒரே கோலுடன் யப்பான் திரும்பியமை முடிவு பிழையென்பதற்குச் சான்றாகாது. மியூரா சென்றிருந்தால் வென்றிருக்கும் என்பது பக்தர் கூற்று, விமர்சனக் கூற்றன்று. எனினும் ஒன்று உண்மை. பத்தாண்டுக்குள் யப்பானிய உதைபந்தாட்டத்தை இவ்வாயில்வரை இழுத்துவந்தவருக்கு, வாயிலைக் கடக்கும் உரிமை உழைப்பினால் வந்துசேரவில்லை. தொழின்முறை ஆட்டம் நேற்றைய உழைப்பை நினைவிற் கொள்வதில்லை. அவ்விதியை யப்பானுக்குக் கொண்டுவந்தோரில் முதன்மையானவர் அதனாலேயே முதலில் வெட்டுண்டார்.

அவ்வாண்டின் இரண்டாவது கைவிடல் இதனினும் கூர்ந்து நோக்கப்படவேண்டியது. ஆயினும் மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. பொருளாதார மந்தம் நீடித்த நிலையில், யொமியூரி பத்திரிகை நிறுவனம் 1998இன் இறுதியில் வேர்டியின் நிருவாகத்தினின்றும் விலகியது. மியூராவின் ஒப்பந்தம் தொடரப்படவில்லை. அதே ஆண்டில், யொக்கோஹாமா பிளூகெல்ஸ் கழகம் அதன் கம்பனிகளாற் கைவிடப்பட்டு, அயற் கழகமான மரினோசுடன் இணைக்கப்படுமென அறிவிக்கப்பட்டது. கலைக்கப்படவிருந்த அவ்வணி 1999 ஜனவரி 1ஆந் திகதி பேரரசர் கிண்ணத்தை வென்று மறைந்தது. கம்பனிப் பெயர்களை அணிகளினின்றும் நீக்குவது எளிது. கம்பனியின் பணத்தில் அணி தங்கியிருப்பதை நீக்குவது எளிதன்று என்பதை அவ்வாண்டு புலப்படுத்திற்று.

5. பதினேழும் ஒன்றும்

1999இல் மியூரா குரோசியாவின் சாக்ரெப் நகர்க் கழகத்திற் சில மாதங்கள் ஆடினார், பயனில்லை. அவ்வாண்டின் நடுப்பகுதியிற் கியோட்டோ கழகத்திற் சேர்ந்தார். 2000ஆம் ஆண்டில், 33 வயதில், கியோட்டோவுக்காக அவர் அடித்த லீக் கோல்கள் 17. இரண்டாம் பிரிவுக்கு இறங்கிக்கொண்டிருந்த அணியில், ஓர வீரருக்குரிய பழைய வேகம் இழந்த நிலையில், பெட்டிக்குள்ளே இடமறிந்து நின்று அடித்த கோல்கள் அவை. நியோன் முடிவுக்கு அவர் கூறிய விடை இதுவே. அவ்வாண்டு அவர் தேசிய அணிக்கும் மீண்டு, தமது இறுதி ஆட்டங்களை ஆடினார். ஆண்டிறுதியில் அணி கீழிறங்கியது. அவரது ஒப்பந்தமும் முடிந்தது.

இப்பதினேழு கோல்களை இன்று நினைவுகூர்வோர் மிகச் சிலரே. 2017இன் ஒற்றைக் கோலை உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. இம்முரண்பாட்டிலேயே மியூரா பற்றிய மதிப்பீட்டுச் சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். 17 கோல்கள் ஆட்டத்தால் அளக்கப்படவேண்டியவை. ஒற்றைக் கோல் பிறந்த திகதியால் அளக்கப்பட்டது. முன்னையது உழைப்பு, பின்னையது செய்தி.

கோபே நகர்க் கழகத்தில் 2001 முதல் 2005 வரை ஆடியபின் மியூரா யொக்கோஹாமா எப்.சி. கழகத்தையடைந்தார். இடையே 2005இன் இறுதியில் அவுஸ்திரேலியாவின் சிட்னி கழகத்துக்கு இரவலாகச் சென்று, யப்பானில் நடைபெற்ற உலகக் கழகப் போட்டியிற் பங்குபற்றினார். யொக்கோஹாமா எப்.சி. சாதாரணக் கழகமன்று. கம்பனிகள் கைவிட்ட பிளூகெல்ஸ் அணியின் ஆதரவாளர் ஒன்றுகூடி நிறுவிய கழகம் அது. கம்பனியாற் கைவிடப்பட்ட வீரர், கம்பனியாற் கைவிடப்பட்ட மக்களின் கழகத்தில் அடைக்கலம் பெற்றமை பொருத்தமானதொரு நிகழ்வு. 2006இல் அவ்வணி இரண்டாம் பிரிவை வென்று மேலேறியது. அவர் அதிற் பங்காளி.

இங்கு நின்றிருந்தால் கதை நிறைவாயிருக்கும். ஆனால் காலப்போக்கில் அக்கழகமும் உணவுச் சேவைத் தொழிலிலுள்ள ஒனோடெரா குழுமத்தின் கைக்குச் சென்றது. மியூரா களத்திலிருந்த நிமிடங்கள் குறையக் குறைய, அவர் பற்றிய செய்திகள் பெருகின. 2020இல் 53 வயதில் முதற்பிரிவு ஆட்டமொன்றில் அணித்தலைவராக இறங்கினார். 2022இல் நான்காம் நிலை லீக்கிலிருந்த சுசுக்கா அணிக்கு, அவரது தமையனார் பயிற்றுநராயிருந்த வேளையில், இரவலாகச் சென்றார். அவ்வாண்டு ரோக்கியோ தேசிய அரங்கில் அவ்வணி ஆடிய ஆட்டமொன்றைக் காண 16,000 பேருக்கு மேற்பட்டோர் திரண்டனர்; அந்நிலை லீக்குக்கு அது கற்பனைக்கெட்டாத கூட்டம். 2023இற் போர்த்துக்கலின் இரண்டாம் பிரிவுக் கழகமான ஒலிவெய்ரென்சுக்கு அனுப்பப்பட்டார். அக்கழகத்தின் பெரும்பங்கையும் ஒனோடெரா குழுமமே வாங்கியிருந்தது. ஒரே உடைமையாளரின் ஒரு கையிலிருந்து மறுகைக்கு நிகழ்ந்த அந்த மாற்றத்தை ஆட்டத் தேவையால் விளக்குதல் கடினம். 2024இல் அவர் மீண்டும் சுசுக்காவுக்குத் திரும்பினார்.

6. மதிப்பீடு

இவ்விறுதிக் கட்டத்தைப் பற்றி இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. ஒரு சாரார் இதனை ஒப்பற்ற மனவுறுதியாகப் போற்றுவர். மறுசாரார், இளம் வீரனொருவனுக்குரிய இடத்தை முதியவர் அடைத்துக்கொண்டார். இது ஆட்டமன்று, காட்சி என்பர். இரண்டிலும் ஓரளவு உண்மையுண்டு, இரண்டும் குறைபாடுடையவை.

போற்றுவோர் ஆண்டுகளை எண்ணுகின்றனரேயன்றி ஆட்டத்தை எடைபோடவில்லை. நீண்டிருத்தல் தன்னளவில் ஒரு கலைப்பேறன்று. ஒரு கவிஞன் நெடுங்காலம் எழுதினான் என்பதால் மட்டும் அவன் கவிதை உயர்ந்துவிடாது. பழிப்போர் மறப்பது வேறொன்று. ஆட்டக்காரனது வாழ்வில் தொடக்கத்தையும் முடிவையும் தீர்மானிப்போர் எப்போதும் பிறரே: கம்பனி, பயிற்றுநர், உடைமையாளர். 1998இல் இருமுறையும் 2000இல் ஒருமுறையும் மியூராவுக்கு முடிவு பிறராற் கூறப்பட்டது. அம்மூன்று முறையும் அவர் அதை ஏற்க மறுத்தார். முடிவைத் தானே கூறும் உரிமைக்காக ஓர் உழைப்பாளி நடத்திய நெடிய மறுப்பாக இதனைக் கொள்வதில் நியாயமுண்டு.

ஆயின் அம்மறுப்பின் பின்பாதி எதிலே தங்கியிருந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். சந்தையால் வெளியேற்றப்பட்டவர் சந்தையின் தயவினாலேயே களத்தில் நிலைத்தார். கால்கள் விற்க இயலாதபோது வயது விற்கப்பட்டது. தம் உழைப்பின்மீது ஆட்சி பெற்றதாகத் தோன்றிய அதே கணத்தில், அவர் முற்றிலும் படிமமாக மாறிக்கொண்டிருந்தார். இது அவர் செய்த தவறன்று; தொழின்முறை விளையாட்டு தன் மிகச் சிறந்த ஊழியனுக்கும் விட்டுவைக்கும் வழிகள் எத்துணைக் குறைவு என்பதற்குச் சான்று.

ஆகவே மியூராவின் பெருமையை 2017இன் யொக்கோஹாமாவிலே தேடுவது அவருக்கே இழைக்கும் அநீதியாகும். பிரேசிலின் சிறு நகர்களில் ஒப்பந்தத்துக்கொரு கழகமாக அலைந்த ஆண்டுகளிலும், டோஹாவில் அடித்த கோல்களிலும், எவரும் எதிர்பாராத வேளையிற் கியோட்டோவில் அடித்த பதினேழிலுமே அது உள்ளது. கமமோட்டோ யப்பானியர் கோலடிக்க வல்லவர் என்று காட்டினார். மியூரா அதனைத் தொழிலாகக் கொண்டு வாழலாம் என்று காட்டினார். அவருக்குப் பின் ஐரோப்பாவின் கழகங்களுக்குச் சென்ற யப்பானியர் எவரும் தாம் ஊழியரா, ஆட்டக்காரரா என்று விளக்கவேண்டிய தேவையுடன் செல்லவில்லை. மன்னர் என்ற பட்டத்தைவிட இது பெரிது.